புறாக்கள் குளித்த தண்ணீர்

புதன்கிழமை காலையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் யாரும் துணி காயப்போடக் கூடாது. அது என் மனைவி போட்ட சட்டம். அன்றைக்கு அவளுடைய புறாக்கள் குளிக்கும். உக்குவளையில் எங்கள் லேன் முழுக்க இது தெரியும். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காகூட அன்றைக்குத் தன் வெள்ளைத் துணிகளை வாசல் பக்கக் கொடியில்தான் போடுவார்.

கீழே முன்னறையில் அவள் பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். மேலே முப்பது ரேஸ் புறா வளர்ப்பாள். புறாக்காரர்களின் சங்கத்தில் அவள் ஒருத்திதான் பெண். நான் மாத்தளை டவுனில் மின்சாமான் கடையில் வேலை செய்கிறவன், கொஞ்சம் சுத்தம் பார்க்கிறவன். கொஞ்சம் என்பது நான் சொல்வது. மகளைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள்.

புறாவுக்குக் குளிப்பு என்றால் பிடித்துவைத்துத் தேய்ப்பது இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய பிளாஸ்டிக் தொட்டியை வெயிலில் வைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விடுவாள். ஒரு பிடி உப்பு, ஒரு மூடி வினாகிரி. கூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கிவிடுவாள். ஒரு புறா விளிம்பில் ஏறி, தண்ணீரில் அலகை வைத்துப் பார்க்கும். அது இறங்கிச் சிறகடித்ததும் மற்றதெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வரும். குளித்து முடித்தால் தரையில் ஒருக்களித்துப் படுத்து, ஒற்றைச் சிறகை வெயிலுக்குத் தூக்கிக் காட்டும். எனக்குப் புறா என்றாலே ஆகாத காலத்தில்கூட அந்தக் காட்சியை ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் தொட்டியருகே குந்தித் தண்ணீரைப் பார்ப்பாள். மேலே மா தூவியது போல வெள்ளையாக ஒரு படலம் மிதக்கும். "இன்னைக்கு நல்லா வெளுத்திருக்கு" என்று முகம் மலர்வாள். அழுக்கு நன்றாகப் போயிருக்கிறது என்று சந்தோஷப்படுகிறாள் என்றே பல வருஷமாக நினைத்திருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

போன வருஷம் அவளுடைய முழு நம்பிக்கையும் ஒரு பெட்டைப் புறாவின் மேல் இருந்தது. நிறத்தை வைத்து அதை நீலம் என்று கூப்பிடுவாள். காங்கேசன்துறையில் திறந்துவிட்டு வீடுவரை பறந்து வரவேண்டிய நெடுந்தூர ரேஸ், சீசனின் கடைசி. அந்தத் தூரத்தில் அவள் புறா ஒருநாளும் முதலில் வந்ததில்லை. நீலத்தை இரண்டு வருஷம் அதற்கென்றே பழக்கினாள். நாலந்தை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என்று மடியில் கூடையோடு பஸ்ஸில் போய்த் திறந்துவிடுவாள். அவள் திரும்பி வரும்போது அது கூரையில் நின்றுகொண்டிருக்கும்.

ரேஸ் சனிக்கிழமை. அந்தப் புதன்கிழமை வஹகோட்டையில் அவளுடைய பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று பார்க்கப் புறப்பட்டாள். எனக்கு லீவு. படியிறங்கும்போது, "ஏங்க, தண்ணி மட்டும் வைங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள்.

தண்ணீர் வைத்தேன். குளித்தன. படலம் மிதந்தது. நீலத்தைப் பார்த்தேன். வாலடியில் எச்சக் கறை ஒன்று அப்படியே இருந்தது. ரேஸுக்குப் போகிற புறா இப்படியா போவது? மகளின் அலமாரியில் குழந்தைகளுக்கான ஷாம்பு இருந்தது. நீலத்தைப் பிடித்து, நுரை வர வர, கழுத்திலிருந்து வால்வரை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அது என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தது. வெயிலில் காய்ந்ததும் பளபளவென்று நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை.

அந்தியில் அவள் வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் மேலே போய் நீலத்தைத் தூக்கினாள். தூக்கியவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு புறாவை முகர்ந்தாள்.

"என்னாங்க போட்டீங்க இதுக்கு?"

சொன்னேன். அவள் குழாயில் விரலை நனைத்து, பக்கத்தில் நின்ற சேவல் புறாவின் சிறகில் ஒரு சொட்டு விட்டாள். சேம்பிலையில் உருளுவது போல உருண்டு விழுந்தது. நீலத்தின் சிறகில் ஒரு சொட்டு விட்டாள். அது உள்ளே ஊறிவிட்டது.

"அந்த வெள்ளை அழுக்கு இல்லீங்க. அதுங்க உடம்புல ஊறுற மாவு. அது இருந்தாத்தான் மழை ஒட்டாது. தண்ணி வெளுத்தா புறா நல்லா இருக்குனு அர்த்தம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வாய்த்திருக்கும். அவள் நீலத்தின் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்ல, அனுப்பிப் பார்ப்போமே. ரெண்டு வருஷம் பாடுபட்டிருக்க" என்றேன்.

"வழியில மழை பிடிச்சா நனைஞ்சு பாரமாகி எங்கயாவது இறங்கிரும். இறங்கினா பூனைக்குத்தான். ரேஸ் எனக்குத்தானே வேணும். நீலத்துக்கு வீடு வந்து சேரணும், அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை சங்கத்து லொரி வந்து புறாக்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனது. நீலம் போகவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து நான் மழைக்கு நேர்ந்துகொண்டேன். மழை கொட்டினால் அவள் முடிவுதான் சரி என்றாகும், என் குற்றமும் கொஞ்சம் குறையும். வெட்கம்கெட்ட வேண்டுதல்தான். மற்றவர்களின் புறாக்களும் அந்த வானத்தில்தான் வந்துகொண்டிருந்தன. வானம் எனக்குச் செவிசாய்க்கவில்லை. துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருந்தது.

அவள் மாடிக்கு வந்து உட்கார்ந்தாள். பதினொரு மணி போல மூன்று புறாக்கள் தாழப் பறந்து தெற்கே, கண்டிப் பக்கம் கடந்தன. கூட்டு வாசலில் நின்ற நீலம் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அண்ணாந்து பார்த்தது. "போறாங்க பாருங்க, என்ன வேகம்!" என்று அவள் எழுந்து நின்றாள். அவள் குரலில் பொறாமை துளியும் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. அரை மணி கழித்து முதலிடம் யாருக்கென்று போனில் வந்தது. மாத்தளையில் த்ரீவீல் ஓட்டுகிற ஒருவருடைய புறா. அவரை உடனே கூப்பிட்டு, எத்தனை மணிக்கு வந்தது, எப்படி இறங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிரித்தாள். நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவள் எவ்வளவு பெரிய மனுஷி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த புதன்கிழமை முதல் நீலத்துக்குத் தனி பேசின். அதை வைப்பது என் வேலை. நானாகக் கேட்டு வாங்கினேன். உப்பு, வினாகிரி, நாலு விரல் தண்ணீர். நீலம் குளிக்கும். நான் குந்திப் பார்ப்பேன். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக, பேசினின் அடியில் இருக்கும் கீறல் தெரிகிற அளவுக்குச் சுத்தமாக இருக்கும். என் ஆயுளில் சுத்தமான தண்ணீரைப் பார்த்து அப்படி மனம் நொந்தது கிடையாது. இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இல்லை. நான் கீழே இறங்கி வந்ததும் அவள் நிமிர்வாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

ஐந்தாவது புதன்கிழமை, நீலம் குளித்து உதறிக்கொண்டு வெயிலுக்குப் போனது. பேசினின் ஓரத்தில் மெல்லிசாக ஏதோ வெள்ளை. கண் மயக்கமோ என்று விரலை வைத்தேன். விரல் நுனியில் ஒட்டியது.

"ஏய், இங்க வா! தண்ணி வெளுத்திருச்சு!" என்று மாடியிலிருந்து கத்தினேன். லேனில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவள் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்து, பேசினைப் பார்த்து, ஒரு சொட்டு எடுத்து நீலத்தின் சிறகில் விட்டாள். உருண்டு விழுந்தது.

"அடுத்த சீசனுக்குப் போகலாம்" என்றாள். பிறகு, "வெயில் ஏறுது, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு வாங்க" என்று படியிறங்கினாள்.

கொட்ட எனக்கு மனம் வரவில்லை. சாயந்தரம்வரை பேசின் அங்கேயே இருந்தது.