பழக்காத வகுப்பு

1. வகுப்பு காணாமல் போன காலை

செய்முறைத் தேர்வு அன்று காலை ஒன்பதேகால் மணிக்கு, மலையடிவாரத்துப் பள்ளி வாசலில் என் பயிற்சி மாணவி பாண்டீஸ்வரி சுருட்டிய சார்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், என் வகுப்புப் பிள்ளைக ஒண்ணு கூட வரல. நேத்தே அம்மா அப்பாகூட ஜீப்புல மேல போயிட்டாங்களாம். எஸ்டேட்ல காய் எடுப்பு ஆரம்பிச்சிருச்சு."

"உள்ள சத்தம் கேக்குதே?"

"அது வேற பிள்ளைக மேடம். இன்னொரு எஸ்டேட்ல எடுப்பு முடிஞ்சு நேத்துதான் எறங்கியிருக்காங்க. ஒரு முகம் கூடத் தெரியாது."

போடியில் ஏலக்காய்ப் பருவத்தில் இது சகஜம். எடுப்பு நடக்கிற வாரங்களில் குடும்பத்தோடு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கிவிடுவார்கள். ஒரு கூட்டம் ஏறும், ஒரு கூட்டம் இறங்கும். தேதி குறித்த நான் இதை மறந்துபோனேன்.

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் முதுநிலை விரிவுரையாளராக இருந்தவள் நான். எங்கள் தொழிலில் ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. தேர்வுக்கு எடுக்கப்போகிற பாடத்தை அதே பிள்ளைகளுக்குப் பத்து நாள் எடுத்துப் பழக்கிவிடுவோம். எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது, எப்போது கைதட்டுவது, எல்லாம் ஒத்திகை. தேர்வாளர் வரும் நாளில் வகுப்பு தேர் போல நகரும். இந்த வித்தையை வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

பாண்டீஸ்வரியின் அம்மா காய் எடுக்கப் போகிறவர். இந்தத் தேர்வில் தவறினால் பட்டயம் இல்லை, அடுத்த பருவத்தில் மகளும் அதே ஜீப்பில் ஏறவேண்டியதுதான். "பாத்துக்கலாம், போ" என்றேன்.

2. அஞ்சு கூடை

வெளி மாவட்டத்திலிருந்து வந்த தேர்வாளர், கறாரான மனிதர், கடைசி பெஞ்சில் படிவத்தோடு உட்கார்ந்தார். பக்கத்தில் நான். ஐந்தாம் வகுப்பு, பின்னங்கள்.

சார்ட்டை மாட்டினாள். நான்காக வெட்டிய ஆப்பிள், ஒரு துண்டுக்கு மட்டும் சிவப்பு. "இது எத்தனைல எத்தனை பங்கு?"

பிள்ளைகள் சார்ட்டையே பார்த்தார்கள். முன் வரிசைச் சிறுமி ஒருத்தி, கேரள எல்லையில் வளர்ந்தவள், "அறியில்ல டீச்சர்" என்றாள். தெரியவில்லையாம்.

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒத்திகை பார்க்காத வகுப்பில் என்ன செய்வது என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அவள் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டினாள்.

"சரி, அதை விடுங்க. எஸ்டேட்ல பச்சக்காயைக் காய வைப்பாங்கல்ல? அஞ்சு கிலோ பச்சக்காய் போட்டா எத்தனை கிலோ காஞ்சு வரும்?"

"ஒரு கிலோ டீச்சர்!" ஏழெட்டுக் குரல்.

"மழையில நனைஞ்ச காயின்னா அதுவும் வராது" என்றான் ஒருவன், பெரிய மனுஷனாட்டம்.

கரும்பலகையில் ஐந்து கூடை வரைந்தாள். ஒன்றுக்கு மட்டும் சாக்பீஸ் தீட்டினாள். ஐந்தில் ஒன்று பிறந்தது. அப்புறம் வகுப்பே சந்தைக்கடை. நான்கில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்று கேட்டாள். நான்கைவிட ஐந்து பெரிய எண், ஆகவே ஐந்தில் ஒன்றுதான் பெரிது என்று இருவர் அடித்துச் சொன்னார்கள். அதைத் தீர்த்துவைப்பதற்குள் பெல் அடித்துவிட்டது.

"நாளைக்குப் பாப்போம்" என்றாள் பாண்டீஸ்வரி.

தேர்வாளர் பேனாவை மூடினார். "துணைக்கருவி பயன்படுத்தல. பாடத்திட்டப்படி நடத்தல. பாடமும் முடியல. உங்க மாணவி தேற மாட்டாங்க மேடம்."

"பிள்ளைகளுக்குப் புரிஞ்சுதே சார்?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

அவர் சொன்னது உண்மை. அத்தனை வருஷமும் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அன்று போடவில்லை.

3. ஆப்பிள் இல்லாமல்

என் கையெழுத்து இல்லாமல் மதிப்பெண் பட்டியல் போகாது. எங்கள் நிறுவன முதல்வர் போனில் குதித்தார். "ஒரு பிள்ளைக்காக மொத்த பேட்ச்சையும் நிப்பாட்டுவீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்" என்றேன்.

முந்தின நாள் சிலமலைப் பள்ளியில் இதே பாடத்துக்கு என் முதல் ரேங்க் மாணவி கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். திரும்பும் வழியில் தேர்வாளரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிள்ளைகளிடம் கேட்டேன்: "ஒரு தோசைய நாலு பேரு சமமாப் பிச்சுக்கிட்டா, ஒருத்தருக்கு எத்தனைல எத்தனை பங்கு?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்று பாட்டுப் போலப் பதில் சொன்னவர்கள். கடைசியில் ஒரு பையன் எழுந்தான்.

"ஆப்பிள் படம் இல்லாம எப்பிடி டீச்சர் சொல்றது?"

அது நான் பழக்கிய பாடம். தேர்வாளர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பிறகு படிவத்தைப் பிரித்து விதிகளைப் படித்தார். தேர்வுக்குக் குறித்த வகுப்பு வராமல்போனால் மறுநாள் மீண்டும் தேர்வு நடத்தலாம் என்று ஒரு வரி இருந்தது.

"அதே பிள்ளைகளுக்கே எடுக்கட்டும். நாளைக்குப் பாப்போம்னு சொல்லியிருக்காங்கல்ல" என்றார்.

மறுநாள் பாண்டீஸ்வரி ஒரே அளவான இரண்டு தோசைகளோடு வந்தாள். ஒன்றை நான்காகவும் ஒன்றை ஐந்தாகவும் பிய்த்து, அந்த இருவரையும் துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாள். இருவரும் நான்கில் ஒன்றைத்தான் எடுத்தார்கள். தேறிவிட்டாள். பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.

4. சென்னைக் கூட்டம்

ஆசிரியர் பயிற்சித் தேர்வு முறையை மாநிலம் முழுக்கத் திருத்துவதற்கு ஒரு குழு போட்டு, என்னையும் அழைத்தார்கள். நான் கேட்டது இரண்டே விஷயம். தேர்வு வகுப்பு, பயிற்சி ஆசிரியர் முன்பின் பார்த்திராத வகுப்பாக இருக்கவேண்டும். பாடம் முடிந்ததும் தேர்வாளர் ஐந்து பிள்ளைகளிடம் பேசி, அதற்கு மதிப்பெண் போடவேண்டும்.

"பாதிப் பேரு பெயிலாயிருவாங்களே மேடம்" என்றார் ஒரு அதிகாரி.

"ஆகட்டும் சார். இப்ப இவங்களுக்குப் பதிலா இவங்ககிட்டப் படிக்கிற பிள்ளைக பெயிலாகுது."

இழுபறிக்குப் பின் இரண்டும் விதியாயின. அன்று ரயிலில் நன்றாகத் தூங்கினேன்.

5. டவர் இல்லை

புது விதியில் முதல் தேர்வு. அதற்குள் பாண்டீஸ்வரி அதே மலையடிவாரப் பள்ளியில் ஆசிரியை ஆகியிருந்தாள். குலுக்கலில் எங்கள் நிறுவனத்துக்கு அவள் வகுப்பே விழுந்தது. முந்தின நாள் எனக்குக் கை பரபரத்தது. போன் போட்டேன்.

"பாண்டீஸ்வரி, நாளைக்கு நம்ம நிறுவனத்துப் பிள்ளைக தேர்வுக்கு வர்றாங்க. பாடம் நீள அளவை. உன் வகுப்பை லேசாப் பழக்கி வச்சிரு. ஒரு தடவை சொல்லிக் குடுத்தாப் போதும்."

"மேடம், இங்க டவர் இல்ல. நீங்க சொன்னது ஒண்ணுமே கேக்கல."

அவள் பேசியது எனக்குத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது. பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கூடக் கேட்டது.

"சரிம்மா, வெச்சிர்றேன்" என்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் எங்கள் பயிற்சிப் பிள்ளைகளில் இருவர் தவறினார்கள். என் கையால் கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் கழித்து இருவரும் வேறொரு பள்ளியில் தேறினார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதியைக் கொண்டுவந்தவரே அதை முதலில் வளைக்கப் பார்ப்பார். அவர் போன் செய்தால் உங்களுக்கும் டவர் இருக்கக் கூடாது.