எல்லைக்கோட்டில் நான் நின்ற இடம்

ஜூன் 8, ஞாயிறு. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, முத்தியால்பேட்டையில் பெண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டிக்கு நடுவராகப் போனேன்.

கடைசி நொடிகள். ஒரு புள்ளி பின்தங்கிய அணி, கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். எறிபவளை ஒட்டி நின்று அவள் கையையே பார்த்தேன். கூடைக்கடியில் தடுத்து நின்ற எதிரணிப் பெண் அலறி விழுந்தாள். எறிந்த பந்தை வாங்கியவள் அதைக் கூடைக்குள் போட்டாள். தள்ளினார்களா, தானே தடுக்கி விழுந்தாளா? நான் பார்க்கவில்லை. சக நடுவரும் கையை விரித்தார். விசில் உதட்டில்தான் இருந்தது. ஊகித்து ஊத மனம் வரவில்லை. விழுந்தவளின் அணி தோற்றது.

முழங்காலில் சிராய்ப்போடு அவளே என்னிடம் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"தள்ளித்தான் விட்டாங்க சார். பாக்காம எப்படி ஊதுவீங்க? அடுத்த தடவ கொஞ்சம் பின்னால நில்லுங்க. பந்து எங்கயும் ஓடிடாது."

மறுநாள் விடிந்ததும் ஆளில்லாத மைதானத்துக்குப் போனேன். எறிபவள் நிற்கும் இடமும் கூடைக்கடியும் ஒரே பார்வையில் தெரியும்வரை பின்னால் நகர்ந்தேன்.