விஜயதசமியன்று ஓடிய ஆறு சிலிண்டர்

விஜயதசமியன்று மைசூருக்குப் போகிறவர்கள் யானையைப் பார்க்கப் போகிறார்கள். நான் போனது ஓர் இன்ஜினைப் பார்க்க. கோயம்புத்தூரில் என்னுடன் பொறியியல் படித்த சோமசுந்தரம், ஓய்வு பெற்றபின் மைசூரின் ஹூட்டகள்ளித் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்து, பந்தயக் காருக்கென மூன்று லிட்டர் இன்ஜின் ஒன்றை மூன்றாண்டுகளாக உருவாக்கிவந்தார். ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் வகை. அதை முதன்முறையாக முழு வேகத்தில் ஓட்டிக்காட்டும் நாளுக்கு என்னை அழைத்திருந்தார். அழைக்காமல் இருக்க முடியாது; அதன் அதிர்வுக் கணக்கைப் போட்டவள் நான். கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகள் அதைத்தான் கற்பித்தேன். இப்போது கர்நாடகத்தில், ஹனூரில் இருக்கிறேன்.

தசரா வாரத்தில் மைசூரில் அறை தேடாதீர்கள். சுமாரான விடுதியிலேயே ஓர் இரவுக்கு நாலாயிரத்து எண்ணூறு கேட்டார்கள். எனவே அன்று காலையே கிளம்பினேன். ஹனூரில் 5.45க்குப் பேருந்து, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொள்ளேகாலில் மாறி, 8.20க்கு மைசூர். கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் பூஜ்யம் என்று அச்சிட்ட சீட்டு தருவார். அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் வந்தால் பூஜ்யத்துக்கும் கணக்குக் கேட்பார்.

ஆட்டோக்காரர் தமிழர்தான். "நானூறு குடுங்கம்மா. தசரா, ரோடெல்லாம் பந்த் மாடிட்டாங்க" என்றார், அடைத்துவிட்டார்கள் என்பதைப் பாதிக் கன்னடத்தில்.

"எனக்கும் அதே தசராதானுங்க. இருநூத்தம்பது."

"ஜம்பூ சவாரி, யானை ஊர்வலம் பாக்காம ஃபேக்டரிக்குப் போறீங்களே, அங்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். முந்நூறில் முடிந்தது. பத்து கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம்.

அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜினின் பெருமை அதன் நிதானம். ஒரு பிஸ்டனின் உதறலை இன்னொன்று ஈடுகட்டிவிடும். அதன் சாபம் நீளம். ஆறு பிஸ்டன்களும் மாறி மாறித் தள்ளும்போது நீண்ட கிராங்க் ஷாஃப்ட், ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுகித் திரும்பும். என் கணக்கின்படி நிமிடத்துக்கு 6,400 சுற்றில் இது உச்சம். அதை அடக்க ஷாஃப்டின் முன்முனையில் டாம்பர் இருக்கும்: ஓர் இரும்புக் குடம், அதைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றிக் கனத்த வளையம். ரப்பர் விட்டுவிட்டால் வளையம் நழுவும், டாம்பர் வெறும் இரும்பாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் குடத்தையும் வளையத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கோடு உடையாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அந்த ஷாஃப்டைக் கடைந்து முடிக்கப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னொன்று கிடையாது.

நான் போய்ச் சேர்ந்தது 9.05க்கு. முதல் நாள் ஆயுத பூஜை முடிந்து, பட்டறை முழுக்கச் சாமந்தியும் உடைத்த பூசணியுமாகக் கிடந்தது. இன்ஜின் பளபளத்தது. டாம்பர் மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். கோட்டைக் காணோம். ராமாபுரத்திலிருந்து வந்து அங்கே ஃபிட்டராக இருக்கும் பழனியைக் கூப்பிட்டேன்.

"வெள்ளைக் கோடு எங்கே பழனி?"

"அதுங்களா மேடம்? நேத்துப் பூஜைக்கு மண்ணெண்ணெய் போட்டுப் பளிச்சுனு தொடைச்சுப்புட்டனுங்க. பெயிண்டு ஒழுகுனதுன்னு நெனச்சேன்."

"தொடைக்கறதுக்கு முன்னாடி நேரா இருந்துச்சா?"

"பாக்கலைங்களே." கொஞ்சம் யோசித்து, "பொட்டு நல்லாப் பெருசா வெச்சிருக்கனுங்க" என்றார்.

பூஜைக்கு முந்தின நாள் அந்த இன்ஜின் நாலு மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குப் பின் கோடு நேராக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. சோமுவிடம் போனேன். அவர் பட்டு வேட்டியில், புனேயிலிருந்து வந்திருந்த பந்தயக் குழுவினர் இருவருக்குக் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜினை வாங்குவதா வேண்டாமா என்று அன்று முடிவு சொல்ல வந்தவர்கள்.

"ஒரு மணி நேரம் கொடு சோமு. முதல் சிலிண்டர் ப்ளக்கைக் கழட்டி, பிஸ்டன் உச்சியும் வளையத்துல செதுக்கியிருக்கற உச்சிக் குறியும் ஒத்துப்போகுதான்னு பாத்துடலாம்."

"ஒம்போது நாப்பதுலேர்ந்து பத்து இருபது வரைக்கும்தான் நல்ல நேரம். மத்தியானம் இவங்க கிளம்பணும். நீ வந்ததும் வராததுமா வைவா ஆரம்பிக்காதே கற்பகம்."

"நல்ல நேரம் ஷாஃப்டுக்குத் தெரியாது."

"இன்லைன் சிக்ஸ்மா இது! கடவுளே பேலன்ஸ் பண்ணி அனுப்பினது."

"உதறலைத்தான் அவர் பாத்துக்கிட்டார். முறுக்கலை எங்கிட்ட விட்டுட்டார்."

சோமு சிரித்தார், புனேக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு தட்டில் கேசரி வந்தது.

9.42க்கு ஓட்டினார்கள். கனத்த கண்ணாடிக்கு இப்புறம் நின்றோம். ஐயாயிரம் வரை அது பாடியது என்று எழுத எனக்கு மனமில்லை, ஆனால் குறையொன்றும் இல்லை. 6,400இல் நிற்காமல் சட்டென்று தாண்டிவிடச் சொல்லியிருந்தேன். சோமுவோ முள் அங்கே வந்ததும், "கேளுங்க, எவ்வளவு சாஃப்ட்" என்று சொல்லி அங்கேயே நிறுத்திக் காட்டினார். பதினைந்து நொடி இருக்கும். மரக்கிளை முறிவதுபோல் ஒரு சத்தம், பிறகு நிறையச் சத்தம், பிறகு எண்ணெய் சொட்டுவது மட்டும். யாருக்கும் அடியில்லை.

ஷாஃப்ட், ஃப்ளைவீலை ஒட்டிய கடைசி வளைவில், நாற்பத்தைந்து பாகையில் சாய்வாக முறிந்திருந்தது. முறுக்கில் உடைந்த இரும்பின் கையெழுத்து அது. பழனி என் முழங்கையைத் தொட்டு டாம்பரைக் காட்டினார். குடத்துக்கும் வளையத்துக்கும் சேர்த்து அவர் வைத்த பொட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. பாதி குடத்தில், மறுபாதி வளையத்தில், நான்கு விரற்கடை தள்ளி. "என்ற பொட்டே காட்டிக் குடுத்துருச்சுங்க மேடம்" என்றார், அழாத குறையாக.

ஓட்டத்துக்கு முன்பே வளையம் நழுவியிருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். சோமு வந்தார். பார்த்தார். அவருக்கு அது புரியாமலில்லை; வகுப்பில் என்னைவிட இரண்டு மதிப்பெண் கூட வாங்கியவர். புனேக்காரர்கள் உள்ளே வருவதற்குள் இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து, இரண்டு பாதியையும் துடைத்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, "கணக்குப் போட்ட இடத்துல ஏதோ கோளாறு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"சோமு, அந்தக் கைக்குட்டையைத் தோய்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்புகிறவர்களுக்கு: பிற்பகல் ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். பன்னிரண்டுக்குள் பேருந்து நிலையம் போய்விடுங்கள். நான் கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். குடையும் தண்ணீரும் அவசியம். பட்டறை பார்க்கப் போகிறவர்கள், பூஜைக்கு மறுநாள் போக வேண்டாம். போயே ஆக வேண்டுமென்றால், பேசுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள்.

நான் அன்று எடுத்தது ஒரே ஒரு படம், கீழே இருக்கிறது. குங்குமத்தின் இரு பாதிகளும் தெளிவாகத் தெரிகின்றன. வலது ஓரத்தில் மங்கலாக நுழையும் வெள்ளைத் துணி, சோமுவின் கைக்குட்டை.