அண்ணா தோற்ற இறுதியாட்டம்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது அண்ணா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைந்திருக்கும். நினைவுத் திருப்பலிக்கு வரும் உறவினர் பலருக்கு, அவர் மெல்போர்னில் என்ன செய்தார் என்பதே இன்னும் சரியாகத் தெரியாது. அந்தக் குழப்பத்துக்குக் காரணம் எங்கள் அம்மாதான்.

அண்ணா மன்னார்க் கரையில், கடற்றொழில் செய்த குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பங்குக் கோவில் அணியில் அவர் உதைத்தால் பந்து பனையைத் தாண்டும் என்பார்கள். தங்கை என்பதால் நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். போர் முடிந்த பின்னும் நிம்மதி இல்லாமல் படகேறி இந்த நாட்டுக்கு வந்தார். தற்காலிக விசா, மெல்போர்ன் புறநகரான ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. கூட வேலை செய்த ஒருவர், அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடும் ஒரு சிறிய கல்லூரி அணியிடம் அவரை அழைத்துப் போனார். பெயர்தான் உதைபந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். ஆனாலும் தூர உதைக்கப் பழக்க அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்கென்று போனவர் சில ஆண்டுகளில் முழு அணிக்கும் பயிற்றுநரானார். வேகமாக ஓடச் சொல்லி வெள்ளைக்காரப் பிள்ளைகளும் களத்தில் "கெதியா, கெதியா" என்று கத்தப் பழகினார்கள்.

"என்ர மகன் காலேஜில படிப்பிக்கிறார்" என்று மன்னாரில் இருந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அது மெல்போர்னுக்கும் வந்துசேர்ந்தது. பொயிண்ட் குக்கில் இருந்து ஓர் அன்ரி, தன் மகளுக்குப் பௌதிகவியல் சொல்லித்தரக் கேட்டுத் தொலைபேசி எடுத்தார். "அன்ரி, நான் ஓடத்தான் பழக்கிறனான். மகள் ஓடுவாவோ?" என்று கேட்டாராம் அண்ணா.

அவருடைய அணி ஒரே ஒருமுறைதான் இறுதியாட்டம் வரை போனது. அதில் பந்தை உதைத்தவன் ஜெறோம் என்ற தமிழ்ப் பையன். அன்று அவனைப் பார்க்கவென்றே அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் இருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கே இலவசமாகப் படிக்கலாம். ஜெறோமின் தகப்பனார் கோவிலுக்குப் போடும் சட்டையோடு வந்து நின்றார். நானும் என் வீடு இருக்கும் நார்த்மீட்டில் இருந்து போயிருந்தேன்.

பாதி ஆட்டத்தில் ஒருவன் மோதி ஜெறோம் விழுந்தான். உடனே எழுந்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். ஆனால் தலைக்கவசத்தின் வாரைப் பூட்ட விரல்கள் தடுமாறின. அதைக் கண்டவர் அண்ணா ஒருவர்தான். தலையில் அடிபட்டிருக்குமோ என்று அவனை வெளியே எடுத்துவிட்டார். முதலுதவிக்காரர் பார்த்துவிட்டு, ஆடலாம் போலத்தான் இருக்கிறது என்றார். அண்ணா மசியவில்லை. "ஐ ஆம் ஃபைன், கோச்!" என்று பையன் அழுதான். தகப்பனார் வேலியைத் தாண்டி ஓடி வந்தார்.

"பிள்ளை நல்லாத்தானே நிக்கிறான்! இண்டைக்கு விட்டா அவனுக்கு வேற நாள் இருக்கோ? நீர் என்ன டொக்டரோ?"

"இல்லை அண்ணை. அதுதான் பயமாக் கிடக்கு."

ஜெறோமுக்குப் பதிலாக இறங்கிய பையன் உதைத்த பந்து இரு கம்பங்களுக்கு இடையே போகாமல் வெளியே போனது. தோற்றோம். அமெரிக்காவில் இருந்து வந்தவரும் காரில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். தலையில் ஒன்றுமே இல்லை. அதன்பின் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்லூரியும் அடுத்த ஆண்டு வேறொருவரை நியமித்தது.

எனக்கும் ஆத்திரம்தான். "ஸ்கானில ஒண்டுமில்லையெண்டு வந்திட்டுது. உங்கட பேர்தானே கெட்டது?" என்று கேட்டேன். அப்போது அண்ணா எங்கள் கரை வழக்கத்தைச் சொன்னார். தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் யாராவது "எனக்கு மனம் சரியில்லை, திரும்புவம்" என்றால் திருப்பிவிடுவார்கள். பிறகு கடல் குளம்போலக் கிடந்தாலும் அவரைக் குறை சொல்வதில்லை. சொன்னால் அடுத்தமுறை ஒருவரும் வாய் திறக்க மாட்டார்களே.

"ஒண்டுமில்லையெண்டு வந்தது நல்லம்தானே, தங்கச்சி. பின்னை என்ன வரவேணும்?" என்றார்.

அவருக்கு வலிக்கவில்லை என்று நான் எழுதினால் அது பொய். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், கழுவிய காரையே திரும்பவும் கழுவிக்கொண்டு நிற்பார் என்று அண்ணி சொல்லுவார். நிரந்தர விசா கிடைத்து, மன்னாருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த கொஞ்ச நாளில் புற்றுநோய் என்றார்கள்.

ஜெறோமுக்கு அமெரிக்கா பிறகு வாய்க்கவில்லை. அவன் தகப்பனார் கோவிலில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் ஆஸ்பத்திரியில் அவர் அண்ணாவின் கட்டிலருகே வந்து நின்றபோது அண்ணி திடுக்கிட்டு எழுந்தார். வந்தவர் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்குப் பிள்ளை விழுந்தவுடன நான் அவனைப் பாக்கேல்லை, தம்பி. அமெரிக்காக்காரன்ர முகத்தைத்தான் பாத்தனான். என்ர பிள்ளையைப் பாத்தது நீர்தான்."

 அண்ணாவின் கண்கள் நிறைந்தன.

அண்ணாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், கடைசிவரை வந்து செபித்த பங்குத் தந்தை, எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சவப்பெட்டியைத் தூக்கிய பழைய அணிப் பிள்ளைகளுக்கும் நன்றி. முன்பக்கம் தூக்கியவன் ஜெறோம். அவன் தகப்பனார் கல்லறைவரை கூடவே நடந்து வந்தார். நாங்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்து அழுதோம். அவர் வழி முழுக்கத் தன் மகனையே பார்த்துக்கொண்டு வந்தார்.