முன்வீட்டு இறால்

பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். பள்ளிக்கூடப் பையோடு குசினிக்குள் நுழைந்தபோது முதலில் கண்டது, சட்டியில் சீனி கறுத்துக்கொண்டிருந்ததை. கருகிவிடும் என்று அம்மா சட்டியை இறக்கப் போனார். முன்வீட்டு அன்ரி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நோ," என்றார். பிறகு இன்னும் இரண்டு முறை, "நோ, நோ." பாகு செம்மண் நிறத்துக்கு வரும்வரை பிடியை விடவில்லை.

"இறாலுக்குச் சீனி போடுறவளை இண்டைக்குத்தான் காணுறன். உங்கடை ஊரிலை பாயாசத்துக்கு மிளகாய்த் தூளோ?" என்று அம்மா தமிழில் கேட்டார். அன்ரி விளங்காமலே சிரித்தார்.

எழுபதுகளின் கடைசி, எனக்கு எட்டு வயது. சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில், ஒரு செங்கல் தொடர்மாடி. மேல்மாடியில் எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாங்கள். மற்றதில் வியட்நாமிலிருந்து படகில் வந்த அன்ரி, அவருடைய கணவர், ஒரு கைக்குழந்தை. பகலில் இரண்டு கதவுகளும் திறந்தே கிடக்கும்.

மூன்று வாரம் முன்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே கடிதம் வந்திருந்தது. சமையல் நாற்றம் பற்றிக் கீழ்வீட்டார் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். இன்னொரு முறை வந்தால் காரணமான வீட்டார் வெளியேற வேண்டும். அப்பா அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அன்றிலிருந்து அம்மா கருவாடு பொரிப்பதில்லை. இறால் அந்தக் கடிதத்துக்குள் அடங்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

பாகில் உள்ளிப்பூண்டு விழுந்தது, பிறகு கோதோடு இறால், பிறகு மிளகு. கடைசியாக அன்ரி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலைத் திறந்து மீன்சாற்றை ஊற்றினார். சூட்டில் அது பட்டதும் எழுந்த நாற்றத்தில் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். பிறகு ஓர் இறாலைக் கடித்துப் பார்த்து, "ருசி பிழையில்லை," என்றார். அப்போது முன்வீட்டில் குழந்தை அழுதது. அன்ரி போத்தலும் கையுமாக ஓடினார்.

கீழ்வீட்டுக்கு ஏதோ அலுவலாக வந்திருந்த வாடகை ஏஜென்ட் படியேறி வந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றார். நாற்றம் உங்கள் வீட்டிலிருந்தா, அவர்கள் வீட்டிலிருந்தா என்று வாசலுக்கு வந்த என்னிடம் கேட்டார். அம்மா அடுப்பை அணைத்து, சட்டியை மூடிவிட்டு வந்தார். கடைக்குப் போதுமான ஆங்கிலம் அவரிடம் இருந்தது, மற்றதற்கெல்லாம் நான்தான். அவர் ஏஜென்ட்டின் சப்பாத்துகளைப் பார்த்தபடி சொன்னார்:

"முன்வீட்டிலை எண்டு சொல்லு, பிள்ளை."

என் ஆங்கில உச்சரிப்பை அந்த வாரம் ஆசிரியை வகுப்பில் பாராட்டியிருந்தார். ஒவ்வோர் எழுத்தும் விளங்கும்படி சொன்னேன்.

ஏஜென்ட் திரும்பினார். அன்ரி தன் வாசலில், இடுப்பில் குழந்தையும் கையில் போத்தலுமாக நின்றார். ஏஜென்ட் போத்தலை வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நீதான் சமைத்தாயா என்று கேட்டார். அன்ரி அவருடைய தோளுக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"யெஸ்," என்றார் அன்ரி. "சாரி."

கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டிருக்கலாமே என்று ஏஜென்ட்மீது கோபம்கூட வந்தது.

ஆறரைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். "நல்லாயிருக்கு. என்ன போட்டனீர்?"

"சீனி," என்றார் அம்மா.

"ஏஜென்ட் வந்தவராம். மேலையும் வந்தவரே?"

"ஓம். முன்வீட்டாக்களோடை கதைச்சிட்டுப் போயிட்டார்."

"பாவங்கள்," என்றபடி அப்பா இன்னும் இரண்டு இறாலைச் சோற்றுக் கோப்பையில் போட்டுக்கொண்டார். அம்மா சோறும் பருப்பும் மட்டும் சாப்பிட்டார். அதற்கும் எனக்கு அன்று காரணம் தெரியவில்லை. காரம் போதாது போலும் என்று நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தால் வந்தபோது முன்வீடு வெறுமையாக இருந்தது. "ஒரு வார்த்தை சொல்லாமல் போயிட்டினம்," என்று அம்மாவிடம் குறைப்பட்டேன். அம்மா எங்கள் கதவைச் சாத்தினார்.

அந்தத் தொடர்மாடியில் நாங்கள் இன்னும் நாலு வருடம் இருந்தோம்.