ஆறாத கட்டைவிரல்

பேக்கரியில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். மாவு பிசையும் மேடைக்கு அவள்தான் தலைமை. காலையில் உள்ளே நுழைகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அவள் முன்னால் இரண்டு கையையும் நீட்டியாக வேண்டும். மோதிரம் கூடாது, நீண்ட நகம் கூடாது, நெயில் பாலிஷ் என்ற பேச்சே கூடாது. கிரீம் பூசுகிற பெண் ஒருமுறை சுண்டுவிரலில் கடுகளவு சிவப்போடு வந்து நின்றாள். "ரொட்டிக்குப் பொட்டு வெக்கப் போறியா?" என்று கேட்டு அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினாள் சட்டாம்பிள்ளை. அன்றைய கூலி அந்தப் பெண்ணுக்குப் போனது போனதுதான்.

சட்டாம்பிள்ளையின் கையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் இடது கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரியும் அதன்மேல் ரப்பர் உறையும்தான் தெரியும். வெட்டுக்காயம் என்று சொல்லியிருந்தாள். ஒரு வருஷமாக அந்தக் காயம் ஆறவில்லை. எப்படி ஆறும்? காயம் என்று ஒன்று இருந்தால்தானே!

எல்லாம் நாத்தனாரால் வந்தது. அவளுக்கு ஃபேன்சி கடை. வாடிக்கைக்காரர்கள் பூசிப் பார்ப்பதற்கென்று திறந்து வைத்த பாட்டில்கள் அடிமட்டத்துக்கு வந்ததும், "தூக்கிப்போட மனசு வரல அண்ணி" என்று கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவாள். ஒரு விடுமுறை நாளில் சட்டாம்பிள்ளை விளையாட்டாக இடது கட்டைவிரலில் கரும்பச்சையைப் பூசினாள். அது காய்ந்ததும் மேலே தங்க நிறத்தில் மெல்லிசாக ஓர் இழுப்பு. நகம் பொன்வண்டின் முதுகாகிவிட்டது. வெள்ளை மாவு, வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கி என்று பார்த்துப் பார்த்துப் பூத்துப்போன கண்ணுக்கு அது திருவிழாவாக இருந்தது. அழிக்கலாம் என்று ரிமூவரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இல்லை. விடிந்தால் வேலை. பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒரு நாள் பொய்தானே என்றுதான் நினைத்தாள்.

பிறகு வாரத்துக்கொரு நிறம். பழையதை அழிக்க மனம் வராது, அதன்மேலேயே அடுத்தது ஏறும். வெள்ளிமேல் கண்ணாடிபோன்ற ஊதாவைப் பூசினால் மழைமேகம். ஆரஞ்சுமேல் ரோஜா நிறம் பூசினால் சாயங்கால வானம். சரியாகக் காயுமுன் தூங்கிப்போனால் போர்வையின் நெசவு நகத்தில் அச்சாகியிருக்கும், அதை மூட இன்னொரு பூச்சு. ஆமைக்கு ஓடு கனக்காதது போல அவளுக்கும் நகம் கனக்கவில்லை.

கனத்தது வேறு. கிரீம்காரி தன் காசில் களிம்பு வாங்கிவந்து கொடுத்தாள். "சக்கர இருக்கான்னு ஒரு தடவ பாத்துருங்கக்கா" என்றாள். அடுப்புக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, உட்கார்ந்தால் எழ ஒரு கை, எழுந்தால் நிமிர ஒரு கை என்று வேலை பார்க்கிற மனிதர், அவள் தூக்கவேண்டிய தட்டுகளையும் பிடுங்கித் தானே சுமந்தார். தினமும் ஆறிவிட்டதா என்று விசாரிப்பார். இன்னும் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் காதுமடல் சுடும். சுட்டாலும் அதையேதான் சொன்னாள்.

ஒருநாள் முற்பகலில், காலையில் ரொட்டி வாங்கிப்போன தையல்காரர் திரும்பி வந்தார். கையில் ஒரு காகித மடிப்பு. அதைப் பிரித்து முதலாளியம்மா முன்னால் வைத்தார். சாயங்கால வானம் துண்டாக மினுங்கியது.

"ரொட்டிக்குள்ள இருந்துச்சும்மா. பட்டன் ஒடஞ்சதுன்னு நெனச்சேன். லென்ஸ் வெச்சுப் பாத்தா அடுக்கடுக்கா இருக்கு. பாலிஷ்."

சட்டாம்பிள்ளை முதுகுக்குப் பின்னால் கட்டைவிரலைத் தடவிப் பார்த்தாள். ரப்பர் உறை நுனியில் கிழிந்திருந்தது. பிளாஸ்திரி நகர்ந்து, நகத்தின் ஒரு பாதி வெறுமையாக இருந்தது. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டார். அவர் பார்வை நேரே கிரீம்காரியிடம் போய் நின்றது. ஒருமுறை மாட்டியவள் அவள்தானே. அவள் கையை விரித்துக் காட்டி, தான் இல்லை என்றாள். இப்போது சுத்தமாக இருந்தால் ஆயிற்றா, காலையில் எப்படி இருந்தது என்று கேட்ட முதலாளியம்மா சட்டாம்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. காலைல இவ கையப் பாத்தீங்கல்ல? சுத்தமா இருந்துச்சா?"

இருந்தது. பளிங்குபோல இருந்தது. அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சட்டாம்பிள்ளை, "சரியா ஞாபகமில்லம்மா" என்றாள்.

கிரீம்காரிக்குக் கோபம் வந்திருந்தால் சட்டாம்பிள்ளை பிழைத்திருப்பாள். அந்தப் பெண்ணோ, "அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. எனக்கே தெரியாம ஒட்டியிருந்துச்சோ என்னவோ" என்றாள். இன்றோடு நின்றுகொள் என்று முதலாளியம்மா சொன்னதும், எதிர்த்துப் பேசாமல் மேலங்கியின் முடிச்சை அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகியிருந்தது.

அந்த முடிச்சு அவிழுமுன் சட்டாம்பிள்ளை ரப்பர் உறையோடு பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டாள்.

பாதி நகம் பழுப்பாக, பாதி நகம் மலைபோல. தொழில் புத்தி யாரை விட்டது? தையல்காரர் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெட்டிய துணி மாதிரி இம்மி பிசகாமல் பொருந்தியது.

"இவ கை சுத்தமா இருந்துச்சும்மா. பாத்தேன். நல்லா ஞாபகமிருக்கு" என்றாள். தரையிலிருந்த மாவுப்பொடியைத் தவிர வேறெதையும் அவளால் பார்க்க முடியவில்லை.

முதலாளியம்மா திட்டியது அவள் காதில் ஏறவில்லை. பிசைமேடை போயிற்று, இனிமேல் தட்டுக் கழுவும் வேலை என்பது மட்டும் புரிந்தது. அது நியாயம். நியாயத்தைத் தாங்கிக்கொள்ளலாம். கூட்டம் கலைந்தபிறகு அடுப்புக்காரர் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"தட்டு தூக்குனது கெடக்கட்டும் தங்கச்சி, அது ஒண்ணுமில்ல. தெனம் ஆறிடுச்சான்னு கேட்டேனே. ஒரு நாளாச்சும் ஆறிடுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

உண்மையைச் சொல்லச் சொல்லவில்லை அவர். இன்னொரு சின்னப் பொய்யைச் சொல்லித் தன்னை நிம்மதியாக விட்டிருக்கலாமே என்றார்.

அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவள் கழுவிய தட்டுகளை அவளே சுமந்துபோய் அடுப்பருகே அடுக்கினாள். அவர் வழிவிட்டு விலகிக்கொண்டார். கிரீம்காரி வழக்கம்போல அக்கா என்றுதான் கூப்பிட்டாள். அது ஒவ்வொரு முறையும் ஊசியாக இறங்கியது.

பாட்டில்களைக் குப்பையில் எறிந்தாள் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். எறியவில்லை. பல வாரங்கள் தொடவும் இல்லை. பிறகொரு விடுமுறையில் கால்விரல்களில் பூசினாள், பத்துக்கும் பத்து விதம். மறுநாள் காலை எல்லோரும் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தபோது, கழுவும் தொட்டியருகே நின்று தொண்டையைச் செருமினாள்.

"கால்ல போட்டிருக்கேன். ஷூவுக்குள்ள இருக்கு. சொல்லிட்டேன்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு முகம் தீயாக எரிந்தது. அடுப்புக்காரர் அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே தணலைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"காலால மாவு பிசையாத வரைக்கும் சரி."