சுத்தியல் போட்ட ரயில்கள்

இத்தாலிப் பயண அட்டவணையில் எம்போலி ரயில் நிலையத்தின் மூன்றாவது வரிசையை ட்ரெவர் மறுபடியும் அழிக்கிறார். ரப்பர் தூளைக் கையால் தள்ளமாட்டார், காகிதம் அழுக்காகிவிடுமாம். கன்னத்தை உப்பவைத்து ஒரே ஊது. தூள் மேசையைத் தாண்டிப் பறந்து எதிரே உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி க்ளெனிஸின் தேநீரில் இறங்கும். க்ளெனிஸ் பதினான்கு மாதமாகக் கோப்பையின் மேல் ஒரு பிஸ்கட்டை மூடியாக வைத்துக் குடிக்கப் பழகிவிட்டார்.

ட்ரெவர் கிடென்ஸ் இங்கிலாந்தின் க்ரூ நகரத்தில் பிறந்தவர். அந்த ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற செங்கல் கட்டிடத்தில் முப்பத்தெட்டு வருடம் கால அட்டவணை எழுதி ஓய்வு பெற்றவர். ஆனால் ஓய்வு அவருக்கு மட்டும்தான் கிடைத்தது, அவருடைய அட்டவணைக்குக் கிடைக்கவில்லை. காலையில் முட்டை வேக வைப்பதைக்கூட, "ஏழு பதினாறுக்கு உள்ள, ஏழு இருபதுக்கு வெளிய" என்று சொல்லிக்கொண்டேதான் செய்வார். தங்கை மகளின் கல்யாணத்தில் பெண்ணின் கார் ஆறு நிமிடம் பிந்தி வந்தது. தேவாலய வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ட்ரெவர், "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று உரக்க அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இத்தாலிப் பயணம் ஓர் உடன்படிக்கையில் தொடங்கியது. க்ளெனிஸ் பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். உட்கார்ந்த இடத்தில் யாராவது சாப்பாடு கொண்டுவந்து வைக்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே கடல் நகர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதனால் உல்லாசக் கப்பல். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ரோமுக்குப் பக்கத்தில் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து அது கிளம்புகிறது. ட்ரெவருக்குக் கப்பல் என்றாலே ஆகாது. "தண்டவாளம் இல்லாத இடத்துல எப்படிம்மா நம்பிப் போறது?" என்பார். ஆனால் கப்பலுக்கு முந்தைய ஒரு வாரம் ஜெனோவாவிலிருந்து ரோம் வரைக்கும் ரயிலிலேயே போகலாம் என்றால் வரத் தயார் என்றார்.

க்ளெனிஸ் ஒரு நிபந்தனை போட்டார். "அந்த ஒரு வாரம் உன்னுது. ஆனா திட்டத்தை எங்கிட்ட காட்டணும். என் முட்டிக்குத் தாங்காதுன்னு தோணிச்சுன்னா, பேச்சே கிடையாது. நேரா பிளேன் ஏறி ரோம்."

ட்ரெவர் கை குலுக்கி ஒப்புக்கொண்டார். நாற்பது வருடக் கணவன் மனைவி சமையலறையில் நின்று கை குலுக்கிக்கொண்டார்கள்.

இத்தாலிய ரயில் நேரங்கள் எல்லாம் போனிலேயே கிடைக்கின்றன. மகள் அதற்கான செயலியை நிறுவிக்கூடக் கொடுத்தாள். ட்ரெவர் அதைத் திறக்கவில்லை. "போன்ல வர்றது வதந்தி. காகிதத்துல வர்றதுதான் டைம்டேபிள்." இத்தாலிய நிலையங்களில் ஒட்டுகிற மஞ்சள் நிறப் புறப்பாட்டுத் தாள்களை நூலகத்தில் அச்செடுத்து வந்தார். மொத்தம் இருபத்திரண்டு தாள்கள். அவை அவருடைய கோப்பில் அடங்கவில்லை. அடியில் இத்தாலிய மொழியில் என்னவோ பொடி எழுத்து இருந்தது. ஸ்கேலை வைத்து, அதை நேர்த்தியாக வெட்டி எறிந்துவிட்டார்.

வண்டி மாற அவர் கணக்கில் பன்னிரண்டு நிமிடம். "பதினொண்ணுன்னா ஓட்டம். பதிமூணுன்னா வீண்." இதை நிரூபிக்க, பிப்ரவரி மாதத்துக் குளிரில் க்ரூ நிலையத்திலேயே ஒத்திகை நடந்தது. இரண்டு பெட்டிகளிலும் உருளைக்கிழங்கு நிரப்பி, பயண எடையைச் சரியாக்கினார். முதல் நடைமேடையிலிருந்து பதினொன்றாம் நடைமேடைக்குப் பாலம் ஏறி இறங்க வேண்டும். க்ளெனிஸ் பாதிப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

"என்ன ட்ரெவர், வீட்டை விட்டு ஓடிப் போறீங்களா?" என்று கேட்டார் கொடி பிடித்திருந்த ஊழியர்.

"ஒத்திகை!" என்றார் ட்ரெவர்.

"ஓடிப் போறதுன்னா இவரையா கூட்டிட்டுப் போவேன்?" என்றார் க்ளெனிஸ்.

அதற்குள் ஒரு பெட்டி வாய் திறந்து, உருளைக்கிழங்குகள் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. ட்ரெவர் மணியைப் பார்த்து, "பதினாலு நிமிஷம். கிழங்கு பொறுக்கின நேரத்தைக் கழிச்சிட்டா பன்னெண்டு" என்று எழுதிக்கொண்டார்.

மார்ச் கடைசியில் திட்டம் தயாராகிவிட்டது. பயண முகவர் ரோமுக்கான விமான இருக்கைகளை வெள்ளிக்கிழமை நண்பகல் வரைதான் பிடித்து வைத்திருப்பார். அதற்குள் ரயிலா விமானமா என்று க்ளெனிஸ் போனில் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை மாலை ட்ரெவர் திட்டக் கோப்பை இரண்டு கையாலும் எடுத்து மனைவி முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போனார். அவர் பாத்திரம் கழுவி க்ளெனிஸ் பார்த்ததே இல்லை.

திங்கள், ஜெனோவா, காலை ஐந்து பத்துக்குப் புறப்பாடு. செவ்வாய், லா ஸ்பெட்ஸியா, காலை ஐந்து நாற்பது. புதன், வியாழன் எல்லாமே விடிவதற்கு முன்பு. வியாழக்கிழமை ஃபுளோரன்ஸிலிருந்து சியேனாவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருந்தாள். ட்ரெவரின் திட்டத்தில் ஆறு மணி நேரம். நடுவில் எம்போலியில் மட்டும் மூன்று மணி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

"எம்போலியில என்ன இருக்கு ட்ரெவர்?"

"பிளாட்பாரம் இருக்கு" என்றார் அவர் சோப்பு நுரைக்குள்ளிருந்து.

"நடுவுல வேற வண்டியே இல்லையா?"

"நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் சுத்தியல் போட்டிருக்கான்." ஈரக் கையோடு வந்து காட்டினார். நேரத்துக்குப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குட்டிச் சுத்தியல்கள். "தண்டவாள வேலை. அந்த வண்டியை நம்பிப் போனா பஸ்ல ஏத்தி விட்டுருவான். நம்ம ஊர்ல ஞாயித்துக்கிழமை தோறும் பண்ணுவானே, அதேதான். இத்தாலியில தினமும் பண்றான், பாவம்."

"இந்தச் சிலுவை?"

"அது சிலுவை இல்ல. ரெண்டு பாதை வெட்டிக்குது. அப்படின்னா இணைப்பு வண்டி. அதைத்தான் எடுத்திருக்கேன். குறியே இல்லாத வண்டியும் கொஞ்சம் இருக்கு. ஆனா அதுல பலதுல வண்டி மாறப் பன்னெண்டு நிமிஷம் கிடைக்கமாட்டேங்குது."

முப்பத்தெட்டு வருட அனுபவம் பேசுகிறது. க்ளெனிஸ் அன்று படுக்கப் போகும்போதே முடிவு செய்துவிட்டார். விமானம்தான். ஒரு வாரம் தினமும் நான்கு மணிக்கு எழுந்து பிளாட்பாரத்தில் உட்காருவதற்கு, பள்ளிச் சமையலறையே தேவலை. ஆனால் பதினான்கு மாதம் ரப்பர் தூளை ஊதிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு இருவரும் நிலையத்துக்கு எதிரே இருக்கிற கார்மேலாவின் காப்பிக் கடைக்குப் போனார்கள். க்ளெனிஸ் அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நான்கு பேர் இருக்கிற இடத்தில் ட்ரெவர் கலங்கமாட்டார். ட்ரெவருக்கு வேறு காரியம். கார்மேலா இத்தாலியில் சலேர்னோ ஊர்க்காரி, க்ரூவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். 'இந்த வண்டி அந்த வண்டிக்காகக் காத்திருக்குமா?' என்பதை அவரிடம் இத்தாலிய மொழியில் எழுதி வாங்க வேண்டும்.

"காத்திருக்காது. எழுதவே வேண்டாம்" என்றார் கார்மேலா. திட்டக் கோப்பை வாங்கிப் புரட்டினார். "அடேங்கப்பா, எங்க ஊர் ரயில்வேயிலகூட இவ்வளவு நல்லா எழுதமாட்டாங்க." இன்னொரு பக்கம். இன்னொரு பக்கம். கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "ட்ரெவர், ஞாயித்துக்கிழமை வண்டியை ஏன் திங்கக்கிழமை பிடிக்கப் போறீங்க?"

"எது ஞாயித்துக்கிழமை வண்டி?"

"இது. சிலுவை போட்டிருக்கே. சிலுவைன்னா கோயிலுக்குப் போற நாள். ஞாயிறு, பண்டிகை."

"அது இணைப்பு..."

"என்ன இணைப்பு? கடவுளோட இணைப்பா?"

ட்ரெவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப சுத்தியல்?"

"சுத்தியல்னா வேலை."

"அதான். தண்டவாள வேலை."

"ஐயோ ரயில்காரரே! ஜனங்க வேலைக்குப் போற நாள். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும். எங்க ஊர்ல மூணு வயசுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தாள்ல கீழே எழுதியே இருக்குமே, எங்க அது?"

கீழே இல்லை. அது பதினான்கு மாதத்துக்கு முன்பே க்ரூ நகராட்சியின் குப்பை வண்டியில் போயாயிற்று.

கார்மேலா விரலை வைத்து எண்ணினார். மொத்தம் பதினான்கு ரயில்கள். அதில் பதினொன்று, அவர்கள் போகிற நாளில் ஓடாது. "கடைசி நாள் ரோம்லேர்ந்து கப்பலுக்குப் போறது மட்டும் பக்கா. அது நிஜமாவே ஞாயித்துக்கிழமை" என்று ஆறுதலாகச் சொன்னார். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தபடி பால் காய்ச்சப் போய்விட்டார்.

க்ளெனிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாலமும் உருளைக்கிழங்கும் நினைவுக்கு வந்தன. ஆனால் கணவரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ட்ரெவர் திட்டக் கோப்பை மூடி அதன் நாடாவை முடிந்துகொண்டிருந்தார். ஒருமுறை முடிந்து, அவிழ்த்து, மறுபடியும் முடிந்தார்.

"முப்பத்தெட்டு வருஷத்துல, இல்லாத வண்டியை நான் ஒரு தடவைகூட எழுதினதில்ல க்ளெனிஸ்" என்றார். "மணி பதினொண்ணு முப்பத்தி ஒண்ணு. முகவருக்குப் போன் பண்ணு. பிளேன் சொல்லிடு. உன்னைத் திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு ஜெனோவாவுல, வராத வண்டிக்கு நிக்க வெச்சிருப்பேன்."

க்ளெனிஸ் முந்தின நாள் மாலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த வழி இதுதான். அவரே கதவைத் திறந்துவிட்டார். நுழைய வேண்டியதுதான் பாக்கி. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். எடுத்தவர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"ட்ரெவர், சுத்தியல் போட்டது எல்லாம் ஓடும்னா, நீ வேண்டாம்னு தள்ளினது எல்லாம் ஓடும்தானே?"

"ஓடும்."

"நடுப்பகல் வண்டியெல்லாம்?"

ட்ரெவர் நாடாவை அவிழ்த்து மஞ்சள் தாளை வெளியே எடுத்தார். ஃபுளோரன்ஸ் பக்கம். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. சுத்தியல், சுத்தியல், சுத்தியல். ஓரிடத்தில் விரல் நின்றது. அப்புறம் அவர் நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார். பதினான்கு மாதத்தில், க்ளெனிஸுக்குத் தெரிந்து, முதல்முறையாகக் கேட்ட கேள்வி.

"உனக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

க்ளெனிஸ் யோசித்தார். அவசரமில்லாமல் யோசித்தார். "காலையில சாப்பிட்டு முடிச்சு, இன்னொரு காப்பி குடிச்சு, ஒரு கடையில ஏதாவது பார்த்து, வாங்காம வந்து... பத்து மணிக்கு மேல."

"பத்து பத்துக்கு ஒண்ணு இருக்கு. மாறவே வேண்டாம். நேரா சியேனா."

"எம்போலி?"

"நிக்கும். ஒரு நிமிஷம்."

"அப்ப அந்தப் பிளாட்பாரத்தை ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கலாம்" என்றார் க்ளெனிஸ். "வெள்ளிக்கிழமை? சனிக்கிழமை?"

அதன் பிறகு இருவரின் தலைகளும் தாளுக்கு மேலேயே இருந்தன. கார்மேலா காப்பியை வைத்துவிட்டுப் போனது தெரியவில்லை. திங்கட்கிழமை பத்தே முக்கால். செவ்வாய்க்கிழமை பதினொன்றரை; "அதுக்கு முன்னால கடல்ல காலை நனைக்கணும்" என்றார் க்ளெனிஸ். கடலில் கால் நனைக்க எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்று ட்ரெவர் கேட்டார். "தெரியாது" என்றார் க்ளெனிஸ். ட்ரெவர் பென்சிலை எடுத்தார், ஏதோ எழுதப் போனார், பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று காது மடல் சிவந்ததிலேயே தெரிந்தது.

பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருக்கும்போது க்ளெனிஸ் முகவரை அழைத்தார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் வாழ்த்துச் சொல்லி, பெயர் கேட்டு, காத்திருக்கச் சொல்லி, பாட்டுப் போட்டது.  பாட்டு நின்றது.

"கிடென்ஸ் பேசறேன்மா" என்றார் க்ளெனிஸ். "பிளேன் வேண்டாம், வேற யாருக்காவது குடுத்துருங்க. நாங்க ரயில்லயே கப்பலுக்கு வந்துடறோம்... ஆமா, ஏழு நாளும். இல்லம்மா, சரியாத்தான் கேட்டீங்க."

இன்னும் ஏழு வாரம் இருந்தது. ட்ரெவர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். நகத்தால் அதன் குமிழை இழுத்து, இத்தாலி நேரத்துக்கு, முள்ளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார். பிறகு அதைக் கையில் கட்டிக்கொண்டு, காப்பியைக் குடிக்க ஆரம்பித்தார்.